பராமரிப்பு வேலைகளை நோட்டிலிருந்து மென்பொருளுக்கு மாற்றுவது எப்படி? செட்டிநாட்டில் விடுதி, மண்டபம், ஆலை நடத்துகிறவர்களுக்கு

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறவர்கள், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள், பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், அரிசி ஆலைக்காரர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். ஜெனரேட்டர், மோட்டார், ஏ.சி., ஓடு, கிரைண்டர் என்று எல்லாவற்றின் பராமரிப்பையும் ஆட்களின் ஞாபகத்திலிருந்து எடுத்து மென்பொருளில் ஏற்றுவதற்குள் எங்கள் விடுதியில் நாங்கள் பட்ட பாடு பெரிது. மென்பொருள் விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுகிற வேலைகள்தான் அதிக நாளைத் தின்கின்றன. அந்த நாள்களாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. பராமரிப்பில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை வேலை தெரியாததால் நடப்பவை அல்ல. மறந்துபோவது, சொன்ன சேதி உரியவரிடம் போய்ச் சேராதது, செய்த வேலையை எங்கும் எழுதி வைக்காதது, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டியதும் இந்த மூன்றை மட்டுமே. மோட்டார் ஏன் இரைகிறது என்று கண்டுபிடிப்பது எப்போதும் எலக்ட்ரீஷியன் அண்ணன் வேலைதான், அதை எந்தச் செயலியும் செய்யாது.

1. முதலில் ஒரு நோட்டோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

மென்பொருளைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். முகப்பில் தொடங்கி வளவு (நடு முற்றம்), அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டம், மொட்டை மாடி என்று ஒரே திசையில் நடந்து, பழுதாகக்கூடிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இருக்கும் இடம், கம்பெனி, மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் நாள், பழுது பார்ப்பவர் பெயர், போன் நம்பர். சீரியல் எண் தகட்டைக் கையால் எழுதாதீர்கள், போனில் படம் எடுங்கள். எட்டும் மூன்றும் கையெழுத்தில் குழம்பி, பிறகு உதிரி பாகம் வாங்கும்போது தலைவலி கொடுக்கும்.

மின்விசிறி, டியூப் லைட் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் பட்டியல் முடியவே முடியாது. அவற்றை "3ஆம் அறை மின் சாமான்கள்" என்று அறைக்கு ஒரே வரியாகப் போடுங்கள். நின்றுபோனால் தொழில் நிற்குமா, யாருக்காவது ஆபத்து வருமா, அதிகப் பணம் போகுமா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால் அதற்குத் தனி வரி.

இங்கே உள்ள பெரிய பொறி, பெயர். எங்கள் இடத்தில் ஒரே மோட்டாரை ஒருவர் "பெரிய மோட்டார்" என்பார், ஒருவர் "கிணத்து மோட்டார்" என்பார், தோட்டக்காரர் "பின்னால உள்ளது" என்பார். அப்படிச் சொல்லித்தான் ஒருமுறை வெளியிலிருந்து வந்த மெக்கானிக் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டுப் போனார், பழுதானது அப்படியே கிடந்தது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். "மோ-01", "மோ-02", "ஜெ-01", இவ்வளவு போதும். அந்த எண்ணைப் பெயிண்டால் பெரிதாக அதன் மேலேயே எழுதிவிடுங்கள். கியூஆர் ஸ்டிக்கர் பிறகு ஒட்டிக்கொள்ளலாம், பெயிண்ட் எழுத்துதான் இருட்டிலும் மழையிலும் கை கொடுக்கும்.

2. காகிதங்களை ஒரு இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

இதுதான் அதிக நாள் இழுக்கும் படி. தேட வேண்டியவை:

- வாங்கிய பில்கள், வாரண்டி அட்டைகள், இயந்திரத்தோடு வந்த கையேடுகள்
- ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு) ஒப்பந்தங்கள்
- லிஃப்ட் இருந்தால் மின் ஆய்வுத் துறை கொடுத்த உரிமம்
- உணவுப் பாதுகாப்பு உரிமம், தண்ணீர்ச் சோதனை அறிக்கை
- எலெக்ட்ரானிக் தராசின் எடையளவு முத்திரைச் சான்று
- ஆலையில் கொதிகலன் இருந்தால் அதன் சான்றிதழ்
- வண்டிகளின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று
- தீயணைப்பான் சிலிண்டர்களின் மேல் உள்ள தேதிகள் (படம் எடுத்தால் போதும்)

உரிமங்களை ஏன் இதில் சேர்க்கிறேன் என்றால், மறதியால் அதிக அபராதம் கட்ட வைப்பவை அவைதான். எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறு முத்திரை வேண்டும். கொதிகலன் சான்று அதிகபட்சம் 12 மாதம்தான் செல்லும். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். இவற்றையும் ஒரு பராமரிப்பு வேலையாகவே மென்பொருளில் ஏற்றி, 60 நாளுக்கு முன் ஒரு நினைவூட்டல், 30 நாளுக்கு முன் இன்னொன்று என்று வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வருகிற நினைவூட்டலால் பயன் இல்லை. அலுவலகத்தில் தேதி கிடைக்கவே அதற்கு மேல் ஆகும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்புக்குப் பெயர் வைக்க ஒரே முறை: சாமான் எண், காகிதத்தின் வகை, வருடம். "ஜெ-01 வாரண்டி 2023" என்பது போல. இந்த வேலைக்கு அழகப்பா கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை இரண்டு மூன்று சனி ஞாயிறுக்கு நாள் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. வெளி நிறுவனத்திடம் கொடுத்தால் கேட்கிற தொகையில் சிறு பகுதிதான் ஆகும், உங்கள் கண் முன்னாலேயே வேலையும் முடியும்.

ஏ.எம்.சி. காகிதத்தைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். உதிரி பாகமும் சேர்ந்த ஒப்பந்தமா, வந்து பார்க்கிற கூலிக்கு மட்டுமான ஒப்பந்தமா? இரண்டையும் "ஏ.எம்.சி." என்றே சொல்வார்கள். வருடத்துக்கு எத்தனை முறை வருவதாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் குறித்து, அந்த வருகைகளைத் தனி வேலைகளாக ஏற்றுங்கள். நான்கு முறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு முறை வந்துபோகிற ஆட்கள் உண்டு, நோட்டில் இதைப் பிடிக்கவே முடியாது. பில்லில் உள்ள போன் நம்பர் பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதியுடையது, அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். சர்வீஸ் பிரிவின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

3. எது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, யார்

ஒரு வேலைக்கு ஒரு தேதி, ஒரே ஒரு பெயர். "அடுப்படி ஆட்கள்" என்று போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

சில வேலைகள் நாள் கணக்கில் வரும், சில ஓடிய மணிக் கணக்கில் வரும். ஜெனரேட்டர் ஆயில் மாற்றுவதற்குக் கையேட்டில் இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். எனவே இரண்டையும் ஏற்ற முடிகிற மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டும். கையேட்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டுப் பக்கத்து மண்டபத்தில் எவ்வளவுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று கேட்டுப் போடாதீர்கள், அவர்கள் இயந்திரம் வேறு.

ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. லோடு (மின் சுமை) இல்லாமல் சும்மா ஓட்டினால் டீசல் எஞ்சினுக்குள் கரி படியும், அதனால் வேலைக் குறிப்பில் "லோடு கொடுத்து ஓட்டவும்" என்று எழுதிவிடுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கிற நாளுக்கு முந்தின நாள் டீசல், பேட்டரி, கூலன்ட் பார்ப்பது ஒரு தனி வேலை. அந்த ஒரு நாளில்தான் ஜெனரேட்டர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும்.

இனி எப்படி செய்வது என்ற குறிப்பு. செட்டிநாட்டு வீடு வைத்திருப்பவர்கள் இதை மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். நம் வீடுகளில் இயந்திரம் கெட்டால் புதிது வாங்கலாம், சுவரும் தரையும் போனால் திரும்பி வராது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் தரை பளிச்சென்று இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஆசிட் ஊற்றித் துடைப்பார், ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது, அதன் மேற்பூச்சு அரித்து மங்கிவிடும், பிறகு எத்தனை முறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் பழைய மெருகு வராது. கொத்தனார் வெடிப்பைப் பார்த்ததும் சிமென்ட் பூசிவிடுவார், உள்ளே இருக்கிற சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பக்கத்தில் இன்னும் பெரிதாகப் பொரிந்து விழும். இந்த இரண்டு பேருமே வேலை தெரிந்தவர்கள்தான், இந்த வீட்டு வேலை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். வயதான மேஸ்திரியும் வீட்டுப் பெரிய ஆச்சியும் இருக்கும்வரை அவர்கள் பக்கத்தில் நின்று சொன்னார்கள். இப்போது அதை வேலைக் குறிப்பில் எழுத வேண்டும்.

அதனால் ஒவ்வொரு வேலையின் கீழும் நாலு வரி, ஒரு படம். "வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடாது." "சுண்ணாம்புக் காரை மட்டும். சிமென்ட் கூடாது. சந்தேகம் இருந்தால் வேலையை நிறுத்திப் போன் செய்யவும்." பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் அவர்கள் பேசுவதை வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து இணைத்து வையுங்கள், அது எங்களிடம் எழுதியதை விட நன்றாக வேலை செய்கிறது. ஓடு மாற்றுவது, கரையான் பார்ப்பது, வளவுக்குள் விழும் மழைத்தண்ணீர் வெளியேறும் வாய்க்காலைத் தூர் எடுப்பது, இந்த மூன்றையும் புரட்டாசியில் முடியும்படி தேதி போடுங்கள். ஐப்பசி மழையில் ஓட்டின் மேல் யாரும் ஏற முடியாது.

முதல் மாதம் 15 வேலைகளுக்கு மேல் ஏற்றாதீர்கள். மென்பொருளோடு வருகிற மாதிரிப் பட்டியலை அப்படியே இறக்கிக்கொண்டால் நூற்றுக்கணக்கில் வேலை வந்து நிற்கும், முதல் வாரத்திலேயே எல்லாம் தேதி தாண்டிச் சிவப்பாகிவிடும், அப்புறம் யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள்.

4. இப்போதுதான் மென்பொருள்

மூன்று நிலை இருக்கிறது.

முதலாவது, கூகுள் ஷீட், கூகுள் ஃபார்ம், கேலண்டர். செலவு இல்லை. முப்பது நாற்பது சாமான்கள், மூன்று நான்கு ஆட்கள் என்றால் ஒரு வருடம் இதிலேயே ஓட்டலாம். இரண்டாவது, ஆப்ஷீட், ஸோஹோ கிரியேட்டர் போன்றவற்றில் நமக்கு வேண்டியபடி ஒரு சின்னச் செயலியைக் கட்டிக்கொள்வது. ஆப்ஷீட்டில் சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் 10 பேர் வரை இலவசம். மூன்றாவது, பராமரிப்புக்கென்றே உள்ள மென்பொருள்கள். மெயின்டெயின்எக்ஸ், அப்கீப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கு மாதம் இத்தனை டாலர் என்று வாங்குவார்கள். ஆளுக்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு வருடம் 1,200 டாலர், நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஏற்கெனவே கணக்கு, சரக்கு எல்லாம் கணினியில் பார்க்கிற ஆலை என்றால் இஆர்பிநெக்ஸ்ட் பாருங்கள், திறந்த மூல மென்பொருள், சொத்துப் பராமரிப்புப் பகுதி அதிலேயே இருக்கிறது. உரிமத்துக்குப் பணம் இல்லை, ஆனால் சர்வர் வாடகையும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

என் கருத்து: விடுதி, மண்டபம் வைத்திருப்பவர்கள் முதல் நிலையில் மூன்று மாதம் ஓட்டிவிட்டு அப்புறம் பணம் போடுங்கள். அதற்குள் உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும்.

டெமோ காட்ட வருகிறவரிடம் கேட்க வேண்டியவை: இணையம் இல்லாமல் வேலை செய்து, பிறகு தானாகச் சேர்த்துக்கொள்ளுமா? (நம் வீடுகளின் சுவர்த் தடிமனுக்கு இரண்டாம் கட்டைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. டெமோவை அலுவலக அறையில் பார்க்காதீர்கள், ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பாருங்கள்.) வேலைக் குறிப்பைத் தமிழில் எழுதினால் போனில் சரியாகத் தெரியுமா? படம் எடுக்காமல் வேலையை முடித்ததாகப் போட முடியாதபடி வைக்கலாமா? பழுது என்று சொல்ல மட்டும் வருகிற ஆளுக்கும் பணம் உண்டா? நாங்கள் நிறுத்திக்கொண்டால் எங்கள் பதிவுகள் எக்செல் கோப்பாக முழுவதும் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் போதாது, அங்கேயே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள்.

5. எப்போது தொடங்குவது

ஆடி. முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி, ஆட்கள் கையில் இருப்பார்கள். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் விடுதிக்காரர்களுக்கு வெளிநாட்டு விருந்தினர் வருகிற மாதம் அது, மண்டபக்காரர்களுக்கு மட்டும் சரிப்படும். பலகாரக் கடைக்காரர்கள் தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் எதையும் புதிதாகத் தொடாதீர்கள்.

வைகாசி, ஆனியில் படி 1, 2 முடித்துவிட்டு, ஆடியில் பதினைந்து வேலைகளோடு தொடங்கி, ஆவணி முழுவதும் பழைய நோட்டையும் கூடவே எழுதுங்கள். இரண்டையும் மாதக் கடைசியில் ஒத்துப் பார்த்தால் எது ஏறவில்லை என்று தெரியும். ஒத்துவந்த பிறகு நோட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் ஆட்கள் நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

6. ஆட்களைப் பழக்குவது

"எல்லாம் பார்த்தாச்சு தம்பி, நம்ம கைக்குத் தெரியாததா" என்று எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதில் உண்மை இருந்தது. அவருக்குத் தெரியும். அவர் ஊருக்குப் போன வாரத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். அதை அப்படியே சொல்லிக் கேட்டபோது அவரே உட்கார்ந்து பாதி வேலைக் குறிப்புகளைச் சொல்லிக் கொடுத்தார். மேலே இருந்து உத்தரவு போட்டால் இது நடக்காது.

தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். கியூஆர் ஸ்டிக்கரைப் போனில் காட்ட வேண்டும், படம் எடுக்க வேண்டும், முடிந்தது என்று தொட வேண்டும், அவ்வளவுதான். ஓடிய மணியைக் காட்டும் மீட்டர், அழுத்தமானி, எதுவாக இருந்தாலும் எண்ணோ முள்ளோ தெரிகிற மாதிரி படம். தீயணைப்பானுக்கு மாதம் ஒருமுறை முள் பச்சையில் இருக்கிறதா என்று ஒரு படம். தண்ணீர் படுகிற இடத்தில் காகித ஸ்டிக்கர் ஒட்டாமல் லேமினேட் செய்த அட்டையைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது.

இரண்டு பொறிகள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வாரத்தின் எல்லா வேலைகளும் இரண்டு நிமிடத்தில் "முடிந்தது" என்று வரும். நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கூப்பிட்டுப் பேசுங்கள், பெரும்பாலும் ஒருவர் தலையில் அதிக வேலை ஏற்றியிருப்பீர்கள். இரண்டாவது இன்னும் மோசமானது: விட்டுப்போன வேலைக்குச் சம்பளத்தில் பிடிப்பது. ஒருமுறை பிடித்தால் போதும், அதற்கப்புறம் யாரும் பழுதைச் சொல்ல மாட்டார்கள், பொய்யான பதிவுகள் மட்டும் வரும்.

7. நினைவூட்டல் யாருக்குப் போக வேண்டும்

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் போட்டால் யாருக்கும் போடாதது போலத்தான். வேலை நாளன்று செய்கிறவருக்கு மட்டும். இரண்டு நாள் தாண்டினால் மேற்பார்வையாளருக்கு. ஒரு வாரம் தாண்டினால் முதலாளிக்கு. எரிவாயு, லிஃப்ட், மின்கசிவு சம்பந்தப்பட்டவை மட்டும் தாண்டிய அன்றே முதலாளிக்குப் போகட்டும். மென்பொருளிலிருந்து தானாக வாட்ஸ்அப் அனுப்பும் வசதிக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு, செயலியின் அறிவிப்பே போதும்.

8. உதிரி பாகம்

ஜெனரேட்டர் பெல்ட், ஃபில்டர்கள், மோட்டார் கெப்பாசிட்டர், குடிநீர் வடிகட்டியின் கேட்ரிட்ஜ்கள். காரைக்குடியில் கிடைக்காமல் மதுரையிலோ திருச்சியிலோ போய் வாங்க வேண்டியவற்றை மட்டும் பட்டியலிட்டு, குறைந்தபட்ச இருப்பு இரண்டு என்று வையுங்கள். மற்றவற்றுக்கு இருப்புக் கணக்கு வேண்டியதில்லை.

9. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம்

தேதி தாண்டிய வேலைகள் எவை, ஒரே சாமான் திரும்பத் திரும்பப் பழுதாகிறதா, எதற்கு எவ்வளவு செலவானது. இந்த மூன்றைப் பார்த்தால் போதும், வண்ண வண்ணப் படங்கள் வேண்டாம். ஒரே ஏ.சி.க்கு ஒரு கோடையில் மூன்று முறை கேஸ் ஏற்றியிருக்கிறோம் என்று தெரிந்தால் கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். நோட்டில் இது மூன்று வேறு வேறு பக்கத்தில் கிடக்கும்.

பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீடு என்றால் இந்த அறிக்கைக்கு இன்னொரு பயன் இருக்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற புள்ளிகளிடம் (பங்குள்ள குடும்பங்களிடம்) ஓடு மாற்ற இவ்வளவு வேண்டும் என்று போனில் கேட்டால் ஏன், எதற்கு என்று மாதக்கணக்கில் இழுக்கும். போன வருடம் அதே மூலையில் எத்தனை முறை ஒழுகியது, ஒவ்வொரு முறையும் என்ன செலவு, படத்தோடு ஒரு பிடிஎஃப் அனுப்புங்கள். எங்களுக்கு அப்படித்தான் ஒப்புதல் வந்தது.

10. கணக்கு யார் பெயரில்

மென்பொருளில் பதிவு செய்யும்போது மேலாளரின் சொந்த ஈமெயில், சொந்த போன் நம்பர் கொடுக்காதீர்கள். தொழிலுக்கென்று ஒரு ஈமெயில், தொழில் சிம்மில் வரும் ஓடிபி. நிர்வாக உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் உரிமையாளர் குடும்பத்தில் இருப்பவர். ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் நுழைவை நிறுத்துங்கள், ஆனால் அவர் பெயரில் உள்ள பழைய பதிவுகளை அழிக்காதீர்கள், வாரண்டி கேட்கப் போகும்போது எந்தத் தேதியில் யார் சர்வீஸ் செய்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. மாதக் கடைசியில் எல்லாப் பதிவுகளையும் எக்செல்லாக இறக்கி ஒரு பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் வைப்பதையும் ஒரு வேலையாக அதிலேயே ஏற்றி, அதற்கும் ஒரு பெயர் போடுங்கள்.